‘இல்லை’ என்று நானே போட்ட டிக்

வாசலில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைப் பார்த்தால், “வீட்டில் யாரும் இல்லை” என்று வீட்டுக்காரரே வந்து சொல்கிற தொழில் நம்முடையது. அதனால் உள்ளே விடுகிற புண்ணியவான்களின் மனம் கோணாமல் நடந்துகொள்ளப் பார்ப்போம். அப்படிப் பார்த்துப் பார்த்து நான் கெட்டுப்போன கதை இது. சக ஏஜெண்டுகளே, நீங்களும் இதைச் செய்திருந்தால் மனசுக்குள் ஒப்புக்கொள்ளுங்கள், போதும்.

மாமியின் வெள்ளிக்கிழமை

மயிலாப்பூரில் ஒரு மாமி, பெரிய வியாதிகளுக்கான பாலிசி எடுக்கச் சம்மதித்து, காபியும் கொடுத்துவிட்டார். செல்போனில் படிவத்தைத் திறந்து, கேன்சர் உண்டா, கட்டி உண்டா, கிட்னிக் கோளாறு உண்டா என்று வரிசையாக வாசித்தேன். நாலாவது கேள்விக்குள் மாமியின் முகம் சுண்டிப்போயிற்று. “வெள்ளிக்கிழமை வெளக்கேத்தற நேரத்துல ஆத்துல ஒக்காந்துண்டு இந்தப் பேரெல்லாம் வாசிக்காதேம்மா. எல்லாத்துக்கும் இல்லேன்னு போட்டுக்கோ.”

அண்ணாச்சியின் பாராட்டு

அன்றோடு வாசிப்பதை விட்டேன். எல்லாக் கேள்விக்கும் நானே ‘இல்லை’ என்று டிக் போட்டுவிட்டு, கடைசியில் கையெழுத்துக்குப் பதிலாக அவர்கள் போனுக்கு வரும் ஓடிபி மட்டும் கேட்பேன். வேலையும் சட்டென்று முடிந்தது, யார் முகமும் சுண்டவில்லை. கே.கே. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி, சேலை மடித்துக்கொண்டே ஓடிபி சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்படி இதையும் சொன்னார்: “மத்த ஏஜெண்டுங்க போலீஸ்காரன் மாதிரி துருவித் துருவிக் கேக்காவ. நீங்கதாம்மா நம்ம பொழப்பு தெரிஞ்ச ஆளு.”

காவேரியின் கட்டி

ஊரூர் குப்பத்தில் மீன் விற்கிற காவேரி எனக்கு வாடிக்கை. நான் அவளிடம் மீன் வாங்குவேன், அவள் என்னிடம் பாலிசி வாங்கினாள். வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே ஓடிபி நம்பரைச் சொன்னாள். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அவளுக்கு மார்பில் கேன்சர் என்றார்கள். பணம் வந்துவிடும், தைரியமாக இரு என்று நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கம்பெனி கையை விரித்துவிட்டது. பாலிசி எடுப்பதற்கு முன்பே ஆபரேஷன் செய்து ஒரு கட்டியை அகற்றியிருக்கிறாள், அதை மறைத்துவிட்டாள் என்று கடிதம் வந்தது. மறைத்தவள் நான். அதைக் கம்பெனிக்கு எழுதியும் கொடுத்தேன், அவர்கள் மசியவில்லை. அந்தக் கடிதத்தை அவளுக்கு நானே படித்துக் காட்டினேன். காவேரி கத்தவில்லை. “நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லிருப்பேன்க்கா. மறைக்கிறதுக்கு எங்கிட்ட இன்னா கீது?”

தங்கச்சிக்கும் ஒன்று

அப்புறம் அவள் சிகிச்சைக்குப் பணம் தேடி ஓடினேன். ஏழைகளின் கேன்சர் சிகிச்சைக்கு உதவுகிற ஒரு தொண்டு அமைப்பின் படியில் பல நாள் உட்கார்ந்திருந்தேன். மருந்துச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். மற்றதற்குக் காவேரியின் புருஷன் படகை விற்றான். இப்போது அவன் வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறான். அந்தப் படகு கரைக்கு வரும்போது நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

போன மாதம் காவேரியே கூப்பிட்டாள். வசவு காத்திருக்கிறது என்றுதான் போனேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவள் தங்கை. “இவளுக்கும் ஒரு பாலிசி போடுக்கா. வேற யார்ட்டயும் போவ மாட்டேன். இந்த வாட்டி எல்லாத்தையும் சத்தமா கேளு.”

அந்தப் படிவத்தை முடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. காவேரியினுடையதை, மீன் வெட்டி முடிப்பதற்குள் முடித்திருந்தேன்.