இரவல் சங்கிலி

அம்பாசமுத்திரம் சாலையில், எங்கள் ஊருக்குச் சற்று முன்னால், ஒரு அரிசி ஆலை இருக்கிறது. அப்பா அங்கே மூட்டை தூக்குகிறார். அந்த ஆலைக் குடும்பத்தின் அறக்கட்டளைதான் என்னைக் கல்லூரியில் படிக்க வைத்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். அது போதவில்லை. நாங்கள் ஏழைகள்தானா என்று வீட்டுக்கு வந்து பார்த்த பிறகே உதவி உறுதியாகும் என்றார்கள். அப்பாவுக்கு வாராவாரம் கூலி கொடுப்பவர்கள் அவர்கள். அந்தக் கூலியில் ஒரு குடும்பம் எப்படி இருக்கும் என்பதை நேரில் வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டேன்.

"பைய பேசுளா. நாளைக்கும் நான் அங்கனதான் போணும்" என்றார் அப்பா.

வருவது முதலாளியின் மருமகள் என்று தெரிந்ததும் அம்மாவுக்குக் கை ஓடவில்லை. எங்கள் பக்கம் பெரிய மனிதர்கள் வீட்டுக்கு வந்தால், இல்லாததை இரவல் வாங்கியாவது மரியாதை செய்ய வேண்டும். பந்தல்காரரிடமிருந்து நாற்காலிகள் வந்தன. எதிர்வீட்டு மின்விசிறி வந்தது. அம்மா தான் சுற்றிக்கொண்டிருந்த பீடியைத் தட்டோடு கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். வெறும் மஞ்சள் கயிற்றோடு அவர்கள் முன்னால் நிற்கக் கூடாது என்று பக்கத்து வீட்டு அக்கா தன் சங்கிலியைக் கழற்றி அம்மாவின் கழுத்தில் போட்டுவிட்டாள்.

மருமகள் ஒரு புகைப்படக்காரரோடு வந்தார். மின்விசிறிக்கு எதிரே உட்கார்ந்தார். அம்மா நீட்டிய கலர் சோடா பாட்டிலை வாங்கிக் கீழே வைத்தார். அவர் பார்வை நாற்காலிகளைச் சுற்றிவிட்டு அம்மாவின் கழுத்தில் வந்து நின்றது.

"நல்லாத்தானே இருக்கீங்க? இது நிஜமாவே கஷ்டப்படுறவங்களுக்குக் குடுக்கிறது."

நான் வாய் திறப்பதற்குள் அம்மா சங்கிலியைக் கழற்றி, வாசலில் நின்ற அக்காவின் கையில் வைத்துவிட்டாள்.

"இது இரவல்மா. நாற்காலி இரவல், காத்தாடி இரவல்." குனிந்து பீடித் தட்டை வெளியே இழுத்தாள். "இதுதாம்மா எங்களது."

மருமகளின் முகம் இளகியது. அம்மாவைத் தட்டோடு தரையில் உட்காரச் சொன்னார். நாற்காலிகளையும் மின்விசிறியையும் படத்தில் விழாதபடி நகர்த்தச் சொன்னார். மதிப்பெண் சான்றிதழோடு நான் பின்னால் நின்றேன். படம் எடுத்து முடித்த பிறகுதான் அவர் கலரைக் குடித்தார்.

பணம் வந்தது. அது இல்லாவிட்டால் நானும் இன்று பீடிதான் சுற்றிக்கொண்டிருப்பேன். இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. சொல்லும்போது நாக்கு கசக்கிறது.

அடுத்த ஆண்டு ஆலையின் காலண்டரில் அந்தப் படம் வந்தது. டீக்கடையில் தொங்கியது, ரேஷன் கடையில் தொங்கியது, ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள் சாப்பிடும் கொட்டகையிலும் தொங்கியது. அங்கே ஒருவர் அப்பாவிடம், "கூலி போதலன்னு நாம சொன்னா முதலாளி நம்ப மாட்டேங்காரு. உம்ம வீட்டம்மா காலண்டர்ல உக்காந்து சொல்லுதா வே" என்றாராம். அப்பா இதை வீட்டில் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கூலியும் ஏறவில்லை.

இப்போது எனக்குத் திருநெல்வேலியில் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து அம்மாவுக்கு ஒரு சங்கிலி வாங்கிக் கொடுத்தேன். போன மாதம் அறக்கட்டளை விழாவுக்கு எங்கள் இருவரையும் மேடைக்கு அழைத்தார்கள். அப்பா இன்னும் அங்கே மூட்டை தூக்குவதால் மறுக்க முடியவில்லை.

புறப்படும்போது அம்மா கழுத்தில் கை வைத்தபடி நின்றாள்.

"ஏளா, இதக் கழத்தி வச்சிட்டு வரட்டா?"

அது உன்னுடையது, போட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்றேன். சரி என்றாள். பேருந்தில் ஏறியதும் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். மேடையில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும் தட்டவில்லை. முந்தானையைப் பிடித்திருந்த கையை அவள் எடுக்கவே இல்லை.