யார் பால் என்று சொல்லவில்லை

என் மகன் வாந்திபேதியில் இறந்தபோது அவனுக்கு ஐந்து மாதம். அறுபதுகளின் நடுவில், மழை பொய்த்துப்போய், கடத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் சேறு மட்டுமே கிடந்த கோடை அது. பங்குக் கோயில் கல்லறையில் அவனைப் புதைத்துவிட்டு வந்தோம். நான் அழவில்லை. அழாமல் இருந்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் அவனுடைய சட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். வாங்கி மடித்து வைத்தேன். அந்த வாரமே என் கணவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குத் திரும்பிப் போனார்.

பால் மட்டும் நிற்கவில்லை. மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுகக் கட்டியும் ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது. மார்பு கல்லாகக் கனத்தது. அது வேறு யாருடைய உடம்போ என்பதுபோல் இருந்தேன்.

கன்னியர் மடத்தில் ஒரு மருந்தகமும், தாயில்லாப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லமும் இருந்தன. பஞ்சம் வந்தபின் தினமும் கோதுமைக் கஞ்சியும் மாவுப்பாலும் காய்ச்சிப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஊற்றினார்கள். வேதக்காரர், இந்து என்று யாரும் கேட்கவில்லை. பாத்திரத்தோடு வந்தால் போதும். மடத்துத் தலைவி மலையாளத்துச் சிஸ்டர். ஒருநாள் பூசை முடிந்ததும் என் தோளில் கைவைத்து, "வீட்டில் தனியாக இருந்து என்ன செய்யும் மோளே? அடுப்படிக்கு வா" என்றார். மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் போனேன். பால் அண்டாவைக் கிண்டுவது என் வேலை. கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். வேறெதையும் நினைக்க வேண்டியதில்லை.

ஒரு சந்தை நாளில் குடியானவர் வீட்டுப் பெண் ஒருத்தி முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். காதில் தோடு, காலில் மெட்டி. கஞ்சிக்கு நிற்கிறவள் இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. சிஸ்டருக்கு முன்னால் போய் நின்று முந்தானையை விலக்கினாள். பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தை. அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடியது.

"நாலாவதும் பொண்ணுங்க சிஸ்டரம்மா. எனக்குப் பாலும் ஊறல. வூட்டுல வெச்சிருந்தா இது பொழைக்காதுங்க" என்றாள்.

"சீக்கோ?"

"சீக்கெல்லாம் இல்லீங்க."

சிஸ்டர் அதற்குமேல் கேட்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டார். எனக்கும் புரிந்தது. கிண்டுவதை நிறுத்தவில்லை.

மாவுப்பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலத்துக்குள் வயிற்றால் போக ஆரம்பித்தது. சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். கேட்கத் தயங்கி என் ஈரமான ரவிக்கையைப் பார்த்தார்.

"மோளே, உனக்குச் சம்மதமா? இல்லையென்றால் வேண்டாம். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்."

"குடுங்க சிஸ்டர்" என்றேன்.

மருந்தகத்துப் பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஊட்டினேன். முதலில் பிடிக்கத் தெரியாமல் தடுமாறியது. பிறகு பிடித்துக்கொண்டது. சிஸ்டர் அழுதார். எனக்கு மார்பு வலி குறைந்தது. அவ்வளவுதான்.

குழந்தை தேறியது. தாய் சந்தைக்கு வரும்போதெல்லாம் மடத்துக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னால் மாட்டாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவேன். தொடாமல் பார்த்துவிட்டுப் போவாள்.

அடுத்த வருஷம் மழை பெய்தது. அவள் புருஷனோடு வந்து, குழந்தையைக் கூட்டிப்போக வந்திருப்பதாகச் சொன்னாள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதாக அந்த ஆளிடம் சிஸ்டர் மாதா சொரூபத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கினார். அந்த ஆளும் தலைகுனிந்து சத்தியம் செய்தார். அந்த நேரத்தில் தாய் என்னை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டாள்.

"மாவுப்பால் குடிச்சுத்தான் வளந்துச்சுன்னு வூட்டுல சொல்லியிருக்கறேன். உங்க ஆளுங்க கிட்ட நாங்க தண்ணிகூட வாங்க மாட்டோம், உனக்கே தெரியும். தெரிஞ்சா என் மாமியா மறுபடியும் இதச் சேக்க மாட்டா. நீ யாருகிட்டயும் சொல்லிராத."

"சொல்ல மாட்டனுங்க."

அவள் என் கையைப் பிடித்தாள். குழந்தை அப்பனின் தோளில் கிடந்து என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனது. சாலை திரும்பும்வரை சத்தம் கேட்டது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வரவே உள்ளே போனேன்.

எனக்கு மறுபடி பிள்ளை பிறக்கவில்லை. இல்லத்திலேயே ஆயா வேலையில் தங்கிவிட்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில் மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பெண் படிக்க வந்தாள். எண்ணெய் வைத்துப் பின்னிய இரட்டைச் சடை. சோறும் தண்ணீரும் வீட்டிலிருந்தே கொண்டுவருவாள். ஒருநாள் தண்ணீர் தீர்ந்துபோய் அடுப்படிக்கு வந்து, "ஆயா, தண்ணி குடுங்க" என்றாள். சொம்பில் மொண்டு கொடுத்தேன். அண்ணாந்து ஊற்றிக் குடித்துவிட்டு விளையாட ஓடினாள்.

சிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். "அவளிடம் நீ ஒரு நாளாவது சொல்ல வேண்டாமா?"

"என்னத்தச் சொல்றதுங்க சிஸ்டர். நல்லாத்தான இருக்குது."

அஞ்சாவது முடித்ததும் அவளை மாரண்டஹள்ளியில் மாமன் வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார்கள். அவள் போய்விட்டது எனக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு ஏரியூர்ப் பக்கமிருந்து இரட்டைக் குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். இரண்டுக்கும் காய்ச்சல். வெந்நீர் வைக்கப் போனேன்.