ரேடியோ நாகநாதனும் சந்தனம் பூசிய கம்ப்யூட்டரும்

ரேடியோவைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்து ரிப்பேருக்குக் கொடுத்தவர்களை நாகநாதன் திரும்ப நடக்கவிட்டதில்லை. சைக்கிள் கேரியரில் கட்டி, பக்கத்து ஊரான அரியக்குடியானாலும் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுப்பார். "இந்தப் பக்கமாத்தான் வந்தேன்" என்பார். அவர் வீடு நேர் எதிர்த்திசையில் என்பது பலருக்கு ரொம்ப நாள் தெரியாது.

ஆசாரிமார் குடும்பம். அண்ணன் தம்பிகள் மரவேலைக்குப் போக, இவர் காரைக்குடியில் ரேடியோக் கடை வைத்தார். முருகன் படத்துக்கு விளக்கேற்றாமல் எந்தப் பெட்டியையும் திறக்கமாட்டார்.

1979-இல் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அந்தக் கடைக்கு மீனாள் ஓடிவந்தாள். பக்கத்துத் தெருப் பெரிய வீட்டில், செட்டியார் வீட்டு ஆச்சியிடம் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்ப்பவள்.

"அண்ணே, சீக்கிரம் வாங்க. என் பொழப்பு போகப்போகுது."

ஆச்சியின் மகன் பெத்தாச்சி அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்தபோது ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்திருந்தான். டைப் மெஷின் மாதிரிக் கட்டைகள். கூடவே கொண்டுவந்த டிவிப் பெட்டியில் மாட்டிக் கேசட்டை ஓட்டினால், ஆகாசத்திலிருந்து எதிரிக் கப்பல்கள் வரிசையாக இறங்கும். நீளக் கட்டையைத் தட்டினால் கீழே நிற்கும் நம் கப்பல் சுடும். பூஜையன்று அரிவாள்மனை, தையல் மெஷின், கார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த மீனாள், இதை மட்டும் விட மனசு வராமல் ஒவ்வொரு கட்டைக்கும் சந்தனம் வைத்துவிட்டாள். சந்தனம் தண்ணியாக இருந்தது. உள்ளே இறங்கிக் கட்டைகள் ஒட்டிக்கொண்டன.

"நான்னு சொல்லிறாதீக அண்ணே" என்று வழியெல்லாம் கெஞ்சினாள்.

"யாரு இதுக்கு அபிஷேகம் பண்ணுனது?" என்று வீட்டில் பெத்தாச்சி கத்திக்கொண்டிருந்தான்.

"டிரைவராத்தான் இருக்கும். வரட்டும் அவன்" என்றார் ஆச்சி.

நாகநாதன் கட்டைகளைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் துடைத்தார். தூண் மறைவில் நின்ற மீனாளுக்கு டிரைவர் முகம் கண்ணில் வந்தது. தாங்கவில்லை.

"நான்தான் தம்பி வச்சேன். கொப்புடையம்மன் சத்தியமா, நல்லா ஓடணும்னுதான் வச்சேன்."

பெத்தாச்சி கோபமாக அவள் பக்கம் திரும்பினான்.

"கோவத்தப் பெறகு வச்சுக்கங்க தம்பி, முதல்ல கேசட்ட ஓட்டுங்க" என்றார் நாகநாதன், குனிந்தபடியே. "நீளக் கட்டைக்கு அடியில கம்பி நழுவுது, நான் பிடிச்சிருக்கேன். ஆத்தா, இங்குட்டு வந்து தட்டு."

மீனாள் வந்து தட்டினாள். மேலே ஒரு கப்பல் சிதறியது. இன்னொரு தட்டு. இன்னொரு கப்பல்! பெத்தாச்சி கோபத்தை மறந்து பக்கத்தில் உட்கார்ந்து கப்பலை நகர்த்தினான்.

"இப்ப, மீனாக்கா! சுடு!"

"அடியே, அந்த ஓரத்துல ஒண்ணு தப்பிச்சுப் போகுதுடி!" என்று ஆச்சி கைதட்டினார்.

கடைசிக் கப்பலும் விழுந்தது. பெத்தாச்சி ஒரு வாரமாக எட்டாத இடம் அது. மீனாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு வேலைக்கு வரலாமா தம்பி?" என்றாள்.

"வராம? அடுத்த ஆட்டத்துக்கு யாரு சுடுறது?" என்றான் அவன். நாகநாதன் சிரித்த சிரிப்பில் கம்பி கைநழுவிப் போனது.

அந்த மார்கழியில் நாகநாதன் கடையை மூடிவிட்டு, மகள் வீட்டோடு இருக்கக் கோயம்புத்தூர் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில் மீனாள் திருநீறு மடித்துக் கொடுத்தாள். பூசிக்கொண்டு பஸ் ஏறினார். அவள் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். பஸ் நகரும்போது ஜன்னலில் தலை நீட்டிச் சொன்னார்:

"அடுத்த வாட்டி கம்பிய நீ பிடி ஆத்தா. நான் சுடுறேன்!"