தோப்பு முறைப்படி மாத்திரை

கர்ப்பப்பையை எடுத்தபோது கூடவே சினைப்பைகள் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில் என் தூக்கமும் அவற்றோடு போனது. படுத்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பும். கழுத்து, முகம், தலைமுடி எல்லாம் நனைந்துவிடும். எழுந்து நைட்டியை மாற்றிக்கொண்டு படுத்தால் அடுத்த சூடு தயாராக இருக்கும். பாலக்காட்டு டாக்டரம்மா ஹார்மோன் மாத்திரை எழுதித் தந்தார். தினமும் ஒன்று.

எங்களுக்கு முதலமடையில் மாந்தோப்பு. மரம் நேரத்துக்குப் பூக்க வேண்டுமென்று வேரில் மருந்து ஊற்றுவது இங்கே வழக்கம். என் வீட்டுக்காரர் வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஊற்றமாட்டார். அளவு மீறினால் மரம் சுருங்கிப்போகுமாம். அவர் என் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, தெனமுமா? மரமே தாங்காது. ரெண்டு நாளைக்கு ஒருக்காப் போடு. நடுவுல பத்து நாளு சும்மா உடு, ஒடம்பு தானாச் சுதாரிச்சுக்கும்."

பன்னிரண்டாவது வரை படித்த நானும் தலையாட்டினேன். இருபது வருடமாக அவர் சொன்ன வாரத்தில்தான் எங்கள் தோப்பு பூக்கிறது. நம்பாமல் என்ன செய்வேன்?

உடம்பு சுதாரித்துக்கொள்ளவில்லை. தூக்கக் கலக்கத்தில் சாம்பாருக்கு இரண்டு தடவை புளி ஊற்றினேன், ரசத்துக்கு ஒரு தடவைகூட ஊற்றவில்லை. பாலில் ஜாதிக்காய் உரைத்துக் குடிக்கச் சொன்னார் நாத்தனார். குடித்தேன். பால் தீர்ந்தது.

அப்போது மார்கழி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மாவே ஆளைத் தூக்கும். நான் ஜன்னலைத் திறந்து, மின்விசிறியையும் ஐந்தில் வைப்பேன். அவர் தும்மினால் குறைப்பேன், எனக்கு வேர்த்தால் கூட்டுவேன். ஒரு நாள் அவர் தலையணையையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டு தோப்பு ஷெட்டுக்குப் போய்விட்டார். கேட்டதற்குக் காவல் என்றார். மரத்தில் இருந்தது பூ. பூவை யாரும் திருடமாட்டார்கள்.

காய்ப்பு நின்ற மரத்தை அவர் இரண்டு வருடம் பார்ப்பார், மூன்றாம் வருடம் மர வியாபாரியைக் கூப்பிடுவார். எனக்கு அந்த நினைப்பு வந்தது. வெட்கமாக இருந்தது, ஆனால் வந்தது. இனி இந்த மனுஷனுக்கு நான் வேண்டாமோ என்று பயந்தேன். இருபத்து மூன்று வருடம் பக்கத்தில் படுத்தவரிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது அவரும் வந்தார். எப்படிச் சாப்பிடுகிறேன் என்று டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார். பதில் சொன்னது இவர். வேர், மருந்து, ஓய்வு என்று ஒன்றுவிடாமல் விளக்கினார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"தோப்புல எத்தன மரம் உண்டு?"

"நூத்தி எழுவதுங்க."

"இவங்க அதுல ஒண்ணு இல்ல."

தினமும், ஒரே நேரத்தில், நானாக நிறுத்தக் கூடாது என்று மறுபடி எழுதினார். இவர் சீட்டை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். கொல்லங்கோடு தாண்டியதும் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, காவலு இன்னும் எத்தன நாளைக்குங்க? நான் வேண்டாம்னுதான் அங்க போயிட்டீங்களா?"

அவர் சத்தமாகவே பதில் சொன்னார். தோப்பில் ஆள் கூப்பிட்டுப் பழகிய தொண்டை, பஸ் சத்தம் வேறு.

"நான் பக்கத்துல கெடந்தா நீ காத்தாடியக் கொறச்சுட்டு வேர்த்து ஒழுகிட்டுக் கெடக்கறே. நீயாச்சும் தூங்கட்டும்னுதான் போனேன். எனக்கு மட்டும் அங்க தூக்கமா வருது?"

முன் இருக்கையில் மூன்று பேர் திரும்பினார்கள். கண்டக்டரும் திரும்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கம்பளி ரெண்டாப் போத்திக்கிட்டு உள்ளயே வந்து படுங்க" என்றேன். நானும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.