பதினோரு நிமிடக் கணக்கு

அந்த அச்சகத்தில் மைக்கு வேலையே கிடையாது. பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் புத்தகங்களை மட்டும் அடிக்கிற இடம் அது. கனத்த காகிதத்தில் ஊசி ஊசியாகக் குத்திப் புள்ளிகளை எழுப்ப அங்கே ஒரே ஓர் இயந்திரம்தான் உண்டு. அது ஓட ஆரம்பித்தால் பக்கத்து அறையில் இருப்பவர்கள்கூடத் தொண்டை கிழியக் கத்தித்தான் பேச வேண்டும்.

அங்கே பதினெட்டு வருடமாகப் பிழை திருத்தி வருகிறவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் புள்ளியம்மா. பக்கத்தில் ஒரு புள்ளி குறைந்திருந்தாலும் அவள் விரல் அங்கே போய் நின்றுவிடும். "பெரிய புள்ளின்னு சொல்லிக்கிறவங்க ஊருக்குள்ள நூறு பேர் இருப்பாங்க. அசல் புள்ளி நம்மகிட்டதான் இருக்கு" என்று, இயந்திரத்தை ஓட்டும் மிஷின் அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவருக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். புள்ளியம்மாவுக்குப் பதினேழாம் வயதில் வந்த காய்ச்சலோடு பார்வை போய்விட்டது.

அவள் கம்ப்யூட்டர் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டது ஆசைப்பட்டு அல்ல, வேறு வழியில்லாமல்தான். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துக்கொண்டுதான் அவள் வேலை பார்ப்பாள். மற்றவர்களுக்குக் கம்ப்யூட்டரில் சத்தம் போனால் பாட்டு போகும். அவளுக்கோ கம்ப்யூட்டரே போய்விடும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அப்படி ஒருநாள் சத்தம் நின்றுபோனது. ஆள் வர நாலு நாளாகும் என்றார்கள். நாலு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, உள்ளே இருந்த ஒவ்வொரு அட்டையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒன்று மட்டும் சரியாக உட்காராமல் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்தினாள். பெட்டி வாய் திறந்து பேசியது. அன்றிலிருந்து அச்சகத்தில் எந்தக் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தாலும், ஆளுக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன் "புள்ளியம்மா, ஒரு கை பாத்துட்டுப் போங்களேன்" என்பார்கள்.

ஆனாலும் அச்சு இயந்திரத்தோடு இணைந்த கம்ப்யூட்டரில் மட்டும் அவள் கை வைத்ததில்லை. இயந்திரத்தின் அகலமான பழைய கம்பியைச் சொருகும் வாய் அந்த ஒரு பெட்டியில்தான் இருந்தது. புதுக் கம்ப்யூட்டர்களில் அந்த வாயே வருவதில்லை. அது படுத்தால் அச்சகமே படுத்துவிடும் என்பதால் சர்வீஸ்காரரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்று மேலாளர் அம்மா கறாராகச் சொல்லி வைத்திருந்தார்.

பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருக்கும்போது அந்தப் பெட்டி படுத்தது. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம், நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு, பாதிகூட அடித்தாகவில்லை. சர்வீஸ்காரர் வந்து ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றார். புது டிஸ்க் மாட்டினார். கையோடு உள்ளே அடைந்திருந்த தூசியை எல்லாம் தட்டிச் சுத்தம் செய்தார். கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட ஆரம்பித்தார். நாற்பத்திமூன்று சதவீதத்தில் பெட்டி பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டார், பதினாறில் அணைந்தது. மறுபடி, பன்னிரண்டில்.

"ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடத்துல நிக்குது மேடம். மதர்போர்டு போயிடுச்சு. இந்த மாடல் இப்ப வர்றதில்ல" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

மேலாளர் அம்மா பள்ளிகளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். புத்தகம் வர ஒன்றிரண்டு மாதம் ஆகலாம், மன்னிக்கவும். அந்தக் கடிதத்தையும் பிரெய்லில் அடிக்க முடியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

புள்ளியம்மா அவர் மேசை முன்னால் போய் நின்றாள்.

"மேடம், எனக்கு ஒருநாள் குடுங்க."

"சர்வீஸ்காரரே கைய விரிச்சுட்டாரும்மா. நீங்க என்ன பண்ணுவீங்க? ஓஎஸ் போடறப்போ அந்தப் பேசற சாஃப்ட்வேர்கூட இருக்காதே. திரையில என்ன வருதுன்னே உங்களுக்குத் தெரியாது."

"மிஷின் அண்ணன் படிச்சுச் சொல்லுவாரு. கெட்டுப்போச்சுன்னு எழுதிட்ட பொருள இனிமே நான் என்னத்த கெடுக்கப் போறேன்?"

மேலாளர் அம்மா பேனாவை மூடி வைத்தார். "சரி. ஒருநாள்தான்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இருவரும் பெட்டியின் முன் உட்கார்ந்தார்கள். புள்ளியம்மா மடியில் பிரெய்ல் எழுதும் சட்டத்தையும் குத்தூசியையும் வைத்துக்கொண்டாள். கையில் பேசும் கடிகாரம். பெட்டியை உயிர்ப்பித்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

"என்ன தெரியுது அண்ணே?"

"நல்ல ஊதா கலர்ல, வட்டம் வட்டமா..."

"ஊதாவ வெச்சு நான் என்ன பண்ண? எழுத்த மட்டும் படிங்க."

"இருபது சதவீதம். இருபத்தி ஒண்ணு."

நாற்பத்திமூன்று வந்ததும் பெட்டி அணைந்தது. "கருப்பாயிடுச்சும்மா" என்றார் மிஷின் அண்ணன், தன் குற்றம் போல. பதினோரு நிமிடம் என்று குத்தி வைத்தாள். உடனே திரும்பப் போட்டார்கள். நாலு நிமிடத்தில் அணைந்தது. அதற்கடுத்து மூன்று. ஓஎஸ் ஏற்றுகிற பென்டிரைவில் கோளாறோ என்று வீட்டிலிருந்து கொண்டு வந்த இன்னொன்றைச் சொருகிப் பார்த்தாள். அதிலும் மூன்று.

அடுத்து மெமரி. பெட்டியைத் திறந்து, இரண்டு மெமரி அட்டைகளில் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டார்கள். ஆறு நிமிடம் ஓடியது.

மிஷின் அண்ணன் துள்ளிக் குதித்தார். "புடிச்சுட்டோம்! கழட்டினியே, அதுதான் திருடன்!"

"இருங்க அண்ணே, அவசரப்படாதீங்க." அதை மாட்டி, மற்றதைக் கழற்றினாள். இப்போதும் ஆறு. இரண்டில் எதைக் கழற்றினாலும் கொஞ்சம் கூடுதலாக ஓடுகிறது என்றால் இரண்டுமே திருடனாக இருக்க வேண்டும், இல்லை இரண்டுமே அப்பாவியாக இருக்க வேண்டும். மிஷின் அண்ணனின் முகம் தொங்கிப்போனது அவர் விட்ட பெருமூச்சிலேயே அவளுக்குத் தெரிந்தது. இரண்டு அட்டையையும் பழையபடி மாட்டிவிட்டு, சாப்பிடப் போய் ஒருமணி நேரம் கழித்து வந்தார்கள்.

வந்து போட்டதும் பெட்டி பதினோரு நிமிடம் ஓடியது. ஆனால் மிஷின் அண்ணன் இந்த முறை படித்த கடைசி எண் இருபத்தொன்பது.

"காலையில நாப்பத்திமூணு. இப்ப இருபத்தொம்பது. அந்தத் தம்பி சொன்னது சரிதாம்மா. மனம் போன போக்குல நிக்குது."

புள்ளியம்மா மடியில் இருந்த காகிதத்தைத் திருப்பித் தான் குத்தியதை விரலால் படித்தாள். பதினொன்று, நாலு, மூன்று, மூன்று, ஆறு, ஆறு, பதினொன்று. இன்னொரு தடவை படித்தாள். மூன்றாம் தடவை படிக்கும்போது அவள் உதட்டில் சிரிப்பு வந்தது.

"அண்ணே, எல்லாரும் சதவீதத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. இப்ப போட்ட பென்டிரைவ் என்னோடது, ஆமை மாதிரி. அதனால அதே நேரத்துல கம்மியா ஏறியிருக்கு. சதவீதம் எனக்குத் தெரியாதுல்ல, நான் நேரத்தப் பாத்தேன். நல்லா ஓய்வெடுத்துட்டு எழுந்தா பதினோரு நிமிஷம் ஓடுது. உடனே எழுப்பினா மூணு நிமிஷம். மெமரிய கழட்டி மாட்டறதுக்கு நமக்குக் கொஞ்ச நேரம் ஆச்சா, அந்த ஓய்வுக்கு ஆறு நிமிஷம். இது கெட்டுப்போன பொருளோட புத்தி இல்ல. இதுக்குக் கொதிக்குது."

"சூடா?"

"சூடுதான்."

மிஷின் அண்ணன் உள்ளே குனிந்து பார்த்தார். "ஓடறப்போ காத்தாடி நல்லா சுத்துச்சேம்மா."

அதுதான் அவளையும் இடித்தது. உறுதி செய்துகொள்ள, ஓஎஸ் போடுவதற்கு முன்னால் வரும் அமைப்புப் பக்கத்துக்குப் போகச் சொன்னாள். அங்கே கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் சில்லின் சூட்டைக் காட்டும் வரி ஒன்று உண்டு. "அறுபத்தி எட்டு" என்று படித்தார் அண்ணன். "எழுபத்தி அஞ்சு. எண்பத்தி ஒண்ணு. அடேயப்பா, தொண்ணூத்தி மூணு!"

"அணைங்க, அணைங்க!"

மின்கம்பியைப் பிடுங்கினாள். கையில் நிலைமின்சாரம் இருந்தால் இறங்கட்டும் என்று பெட்டியின் இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டு, பிராசஸரின் மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியக் கட்டியின் ஓரத்தில் மெல்ல விரல் வைத்தாள். சுடும் என்று நினைத்துக் கையைப் பின்னுக்கு இழுத்து, மறுபடி வைத்தாள். கட்டி சுடவில்லை. வெதுவெதுப்புகூட இல்லை.

அடியில் இருக்கிற சில்லு கொதிக்கிறது. அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டி ஜில்லென்று இருக்கிறது. அப்படியானால் சூடு மேலே ஏறவே இல்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டு இல்லை.

கட்டியைப் பிடித்து லேசாக ஆட்டினாள். ஒரு கால் குட்டையான ஸ்டூலைப் போல அது ஒரு பக்கம் ஆடியது. நாலு பிளாஸ்டிக் கால்கள் மதர்போர்டுப் பலகைக்குள் இறங்கிப் பிடித்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மூன்று இறங்கியிருந்தன. நாலாவது, கண்ணுக்கு மற்ற மூன்றைப் போலவே தெரியும். விரலுக்கு அரை மயிரிழை உயரமாக இருந்தது. தூசி தட்டக் கழற்றிய சர்வீஸ்காரர் அதை முழுதாக அமுக்காமல் விட்டிருக்கிறார்.

"அமுக்கிடலாமா?" என்றார் அண்ணன், கை பரபரக்க.

"அரைகுறையா வேண்டாம். கழட்டித் தொடச்சுட்டு, சூடு மேல ஏறறதுக்கு நடுவுல தடவற பசையப் புதுசா வெப்போம்."

தெருமுனையில் செல்போன் ரிப்பேர் செய்கிறவரிடம் அந்தப் பசையில் ஒரு துளி கேட்டு வாங்கி வந்தார் மிஷின் அண்ணன். கால்களின் தலையில் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல அவள் திருகினாள். காய்ந்த பழைய பசையைத் துணியால் துடைத்தாள். அரிசி அளவு புதுப் பசையை நடுவில் வைத்தாள். கட்டியை நேராக இறக்கி, பலகை வளையாமல் அடியில் ஒரு கையைக் கொடுத்து, எதிரெதிர் மூலையாக அமுக்கினாள். டக். டக். டக். நாலாவது டக் கேட்கும்வரை இருவரும் மூச்சு விடவில்லை.

பெட்டியைப் போட்டார்கள். பத்து நிமிடம் ஆனது. பதினொன்று ஆனது. பதினொன்றரையில் மிஷின் அண்ணன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு ஆனதும் மேலாளர் அம்மா தன் அறையிலிருந்து வந்து பின்னால் நின்றார். அவருடைய வளையல் சத்தம் அவளுக்குக் கேட்டது. இருபது. முப்பது. ஆமை பென்டிரைவ் என்பதால் நாற்பத்தைந்தாவது நிமிடத்தில்தான் அண்ணன் கத்தினார்: "முடிஞ்சுதும்மா! நூறு!"

புள்ளியம்மா பேசும் மென்பொருளை ஏற்றினாள். அதுவரை எருமை மாதிரி மௌனமாகக் கிடந்த பெட்டி தன் தட்டையான குரலில் மணி மூன்று நாற்பது என்று அறிவித்தது. அதற்கப்புறம் அவளுக்கு யாருடைய கண்ணும் தேவைப்படவில்லை. பழைய கம்பிக்கான மென்பொருளை அவளே தேடி எடுத்துப் போட்டாள். நாலரை மணிக்கு அச்சு இயந்திரம் கர்ஜித்தது.

முதல் தாள் வெளியே வந்தது. மேலாளர் அம்மா அதை எடுத்து அவள் கையில் கொடுத்தார். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள்.

"தப்பு இருக்கு" என்றாள்.

அண்ணனுக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, மறுபடியுமா?"

"பெட்டி மேல தப்பு இல்ல. மூணாவது வரியில எண்ணுக்கு முன்னால போடற குறிய டைப் அடிச்சவங்க விட்டுட்டாங்க. திருத்திட்டு அடிங்க."

மேலாளர் அம்மா சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அங்கே யாரும் கேட்டதில்லை. எழுதி வைத்திருந்த மன்னிப்புக் கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

இரண்டு நாள் கழித்து சர்வீஸ்காரர் வேறு வேலையாக வந்தார். இயந்திரம் ஓடுவதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். புள்ளியம்மா நடந்ததைச் சொல்லி, குத்தி வைத்த எண்களையும் படித்துக் காட்டினாள்.

அவர் "அந்த நாலாவது கால நான்தான் சரியா அமுக்காம விட்டுட்டேன், அக்கா. அவசரத்துல மதர்போர்டுன்னும் சொல்லிட்டேன்" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "அந்த நேரக் கணக்க எனக்கு இன்னொரு தடவ சொல்றீங்களா?" என்று கேட்டு, தன் போனில் குறித்துக்கொண்டார். குத்திக் காட்ட ஒரு நல்ல சந்தர்ப்பம் கையில் கிடைத்தும் புள்ளியம்மா அதை விட்டுவிட்டாள். ஒத்துக்கொள்கிற மனிதனிடம் அவளுக்குக் கோபம் வருவதில்லை.

அதே வாரம் அச்சகத்தின் பணிப் பட்டியலில் அவளுக்கு எதிரே பிழை திருத்தம் என்று இருந்த இடத்தில் கணினிப் பராமரிப்பு என்றும் சேர்த்து எழுதினார்கள். கணக்குப் புத்தகம் நாற்பத்திரண்டும் பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தது.

வீட்டில் அவள் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஏறுகிற ஆசிரியர், இறங்குகிற ஆசிரியர் எல்லோருக்கும் இந்தக் கதைதான். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்துகொண்டே போனது. ஒருநாள் சாயங்காலம் வாசலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் அளந்துகொண்டிருந்தது உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அவள் காதில் விழுந்தது.

"பெரிய பெரிய இன்ஜினியருங்க பத்து பேரு வந்து பாத்துட்டு முடியாதுன்னு போயிட்டாங்க சார். இவ ஒத்த ஆளா மதர்போர்டையே கழட்டி மாத்தி..."

"ஏங்க!" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "வந்தது ஒருத்தரு. நான் எதையும் மாத்தல. பாதி வேலை மிஷின் அண்ணனோடது."

வாசலில் கணவரின் குரல், கொஞ்சமும் சுருதி குறையாமல்: "பாத்தீங்களா சார், எவ்வளவு தன்னடக்கம்!"

புள்ளியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவர் கதையை முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தபோது அவள் தடுக்கவில்லை. மடித்த சட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு, கடைசிவரை கேட்டாள்.