முழங்காலில் போட்ட ஊசியும் ரஹ்மத் சொன்ன சாட்சியும்

வலி தெரியாமல் இருக்க என் முழங்காலில் ஊசி போட்டார்கள். வலி தெரியாமல் ஓடினேன். கால் போயிற்று. தொண்ணூறுகளின் நடுவில், ஆடி பிறப்பதற்குச் சற்று முன்னால் நடந்தது. மாரியம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் அவள் கோயிலில் உங்கள் முன்னால் நிற்கிறேன். ஆனால் மனிதர்கள் செய்ததை மறைத்துவிட்டு அவள் செய்ததை மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான்.

என் பெயர் முனிரத்தினம். ஜீவனஹள்ளிக்காரன். பெங்களூரில் ஒரு பெரிய தொழிற்சாலையின் ஃபுட்பால் டீமில் டிஃபென்ஸ் ஆடினேன். விளையாட்டுக்காகவே என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள், ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கோல் போடுகிறவன் பெயர் பேப்பரில் வரும். அவனைப் போடவிடாமல் தடுப்பவன் பெயர் வராது. எனக்கு அதில் வருத்தமில்லை. எவன் வந்தாலும் நிறுத்தினேன், அதுவே எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த மேட்சுக்கு முன்பே முழங்கால் வீங்கியிருந்தது. எங்கள் மேனேஜரிடம் சொன்னேன். ஒன்றும் ஆகாது, ஆடு என்றார். இடைவேளையில் மைதானத்தின் ஓரத்திலேயே என்னை உட்காரவைத்து ஊசி போடச் செய்தார். இரண்டு டீமும் பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்டம் மறுபடி தொடங்கியதும் எதிர் டீம் ஃபார்வர்டு ரஹ்மத் பந்தோடு என்னைத் தாண்டினான். அவனைப் பிடிக்கத் திரும்பினேன். முழங்காலுக்குள் என்னவோ பட்டென்று அறுந்தது. விழுந்து கிடந்த என்னைத் தூக்கி நிறுத்தி, மேனேஜர் கத்தினார்: “ஓட வேணாம், சும்மா நின்னுக்கினு இரு.”

விசில் ஊதும்வரை ஒற்றைக் காலில் நின்றேன்.

தசைநார் அறுந்துவிட்டது, ஆபரேஷன் செய்யாவிட்டால் நேராக நடக்கக்கூட முடியாது என்றார் டாக்டர். அப்போதுதான் மேனேஜர் புதுக் கதை ஒன்றைக் கிளப்பினார். நான் ஏதோ ஏரியா மேட்சில் அடிபட்டு, அதை மறைத்துக்கொண்டு வந்தேனாம். கம்பெனிக்கு இதில் பொறுப்பில்லையாம். விசாரணை வைத்து என்னை வேலையைவிட்டு எடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. என்னோடு ஆடியவர்களைப் போய்ப் பார்த்தேன். எங்கள் கோல்கீப்பர், என் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று மாலை எடுத்துக் கொடுத்தவன், ஊசி போட்டதைத் தான் கவனிக்கவில்லை என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அவனுக்கும் வேலை முக்கியம், புரிகிறது. ஆனால் மனசு கொதித்தது.

வீட்டில் தட்டை வீசினேன். ஊன்றுகோலைச் சுவரில் அடித்தேன். என் மனைவி சாந்தி அப்போது ஐந்து மாதம். ஒரு நாள் அவளும் பொறுமை இழந்துவிட்டாள்.

“எங்கிட்ட எரிஞ்சு வுழுந்து இன்னா ஆவப்போவுது? கேக்கறத ஆத்தாகிட்ட போய்க் கேளு.”

கூழ் வார்க்கும் நாள் அது. இந்தக் கோயிலுக்கு வந்தேன், நல்ல கூட்டம். என்னைப் பார்த்த இரண்டு பேர், ஏதாவது வேண்டுதல் பாக்கி வைத்திருப்பாய், அதுதான் ஆத்தா காலைப் பிடித்துவிட்டாள் என்றார்கள். அடிபட்டு வருகிறவனிடம் தயவுசெய்து அப்படிப் பேசாதீர்கள். ஊசி போட வைத்தது ஒரு மனிதன். அந்தப் பழியை அவள் தலையில் போடாதீர்கள்.

நான் கை கூப்பவில்லை. கண்ணை மூடவில்லை. வாய்விட்டே கேட்டேன்.

“நீ பாத்துக்கினுதானே இருந்தே? பாத்தவ வாயத் தொறந்து சொல்லு.”

பூசாரி கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். குங்குமம் வாங்காமல் வெளியே வந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. அவ்வளவு கோபம்.

விசாரணைக்கு முந்தின நாள் காலை வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. ரஹ்மத். லீக்கில் எத்தனையோ மேட்சுகளில் அவன் காலை நான் பதம் பார்த்திருக்கிறேன். மைதானத்துக்கு வெளியே நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. வேடிக்கை பார்க்க வந்தான் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏரியா மேட்ச் கதை தன் காதுக்கும் வந்தது என்றான்.

“இத்தினி வருசமா எங்கால ஒடைக்கிறவன் நீ. உங்கால எவன் ஒடச்சான்னு எனக்குத் தெரியாதா? நாளைக்கு நான் வர்றேன்.”

சொன்னபடி வந்தான். வெளி ஆளை விடமாட்டோம் என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். வெயிலில் உட்கார்ந்துவிட்டான். மதியம்வரை நகரவில்லை. கடைசியில் விசாரணை ஆபீசரே அவனை உள்ளே கூப்பிட்டார். ஊசி போட்டது, நான் விழுந்தது, ஆளை மாற்றாமல் நிறுத்திவைத்தது எல்லாவற்றையும் மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொன்னான். எதிர் டீம்காரன் நீ எதற்காக இவனுக்குப் பேசுகிறாய் என்று ஆபீசர் கேட்டார்.

“பாத்தேன். அதான் சொல்றேன்.”

பார்த்தவள் சொல்லு என்று நான் அம்மனிடம் கேட்ட அதே பேச்சு. கோயிலில் நான் கேட்டதைச் சாந்தியிடம்கூடச் சொல்லவில்லை, இவனுக்கு எப்படித் தெரியும்? ஆபீசர் எங்கள் கோல்கீப்பரை மறுபடி கூப்பிட்டார். ரஹ்மத் எதிரில் இருக்க அவனால் பொய் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றான்.

கம்பெனியே ஆபரேஷன் செய்துவைத்தது. வேலை நிரந்தரமாயிற்று. அடுத்த வருஷம் மறுபடி மைதானத்தில் இறங்கினேன். கால் முன்போல இல்லை, ஆனாலும் சில வருஷம் ஆடினேன். மேனேஜர் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரை வேறு பிரிவுக்கு மாற்றியதோடு சரி. ரஹ்மத்தைத்தான் அந்த சீசன் முழுக்க அவன் டீமில் வெளியே உட்காரவைத்தார்கள். மேனேஜர்களுக்குள் அப்படி ஒரு சிநேகம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. அதையும் அம்மனிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மன் கோயிலில் துலுக்கன் பெயரை எடுக்கிறானே என்று சிலருக்கு முகம் சுளிக்கிறது. சுளிக்கட்டும். யார் வாயால் பேசுவது என்று அவளுக்கு நாம் உத்தரவு போட முடியாது.

அதற்குப் பிறகு தொழிற்சாலையில் யாருக்கு அடிபட்டாலும், நான் பார்த்திருந்தால் போய்ச் சொல்லிவிடுவேன். மெமோ வாங்கியிருக்கிறேன். வாங்கினால் என்ன?

உங்களில் அநியாயத்தில் மாட்டிக்கொண்டு கும்பிடக்கூட மனம் வராதவர்கள் இருப்பீர்கள். கும்பிடாவிட்டாலும் அவள் முன்னால் வந்து நில்லுங்கள். திட்ட வேண்டுமானால் திட்டுங்கள், கேட்டுக்கொள்வாள். மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். இந்த நேரம் யாரோ ஒருவர் அவளிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருப்பார். அவள் உங்களை அனுப்பினால் போங்கள்.