அப்பாசாமி எடுக்காத முடி

எங்கள் காஜா பெராங் தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருந்த அப்பாசாமிக்கு மெர்டேக்கா என்ற விடுதலை ஜுரம் வந்த ஆண்டு, வெள்ளைக்கார ராஜா ராணிப் படம் எதுவும் அவர் கண்ணில் படக் கூடாது. கடைச் சுவரில் தொங்கிய ராணி காலண்டரைக் கிழித்தார். கிரீடம் போட்ட பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"முடி எடுக்கறது நம்ம தொழில் லா! ராஜா தலையில இருந்தா மட்டும் விட்டுருவோமா?" என்று கத்தரியை ஆட்டி முழங்குவார். அந்த வேகத்தில் சிலர் காதும் சேதமானது.

கடையில் முடிந்ததும் வீட்டைச் சோதித்தார். அகப்பட்டது மனைவி சாரதாம்பாளின் கழுத்து. தாலிச் சரட்டில் தாலியோடு ஒரு பழைய வெள்ளிக்காசு கோத்திருந்தது. காசில் மூக்கு நீண்ட ஓர் ஆள். கரூர்ப் பக்கம் மண்ணில் கிடைத்த ரோமாபுரிக் காசு, கல்யாணத்தன்று மாமியார் கோத்துவிட்டது. இதெல்லாம் பின்னால் வாத்தியார் தேவதாஸ் சொல்லித்தான் எங்கள் தெருவுக்கே தெரியும். அப்பாசாமியைப் பொறுத்தவரை, காசில் தலை இருந்தால் அது வெள்ளைக்கார ராஜா.

"கழட்டு அவனை! நாடே விடுதலையாவுது, என் பொண்டாட்டி கழுத்துல அவன் தொங்கறதா?"

சாரதாம்பாள் அம்மியை நிறுத்தவே இல்லை. "கழட்டறேங்க. தாலிச் சரட்டைக் கழட்ட ஒரு முறை இருக்குல்ல? முதல்ல நீங்க போய்ச் சேருங்க."

நாட்டுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று முந்தின நாள்தான் கடையில் சொல்லியிருந்தார், பாவம். அதை வீட்டிலேயே கேட்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. விடுதலைக்கு முந்தின மாலை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு காசைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தலையில் கிரீடத்தைக் காணோம். ஏதோ இலையைக் கட்டியிருந்தான்.

"அட, இவனுக்கு முடியே இல்ல சாரதா! ஆனா முடியை என்ன அழகா வெட்டியிருக்கான்!"

"இருக்கா இல்லையா, ஒண்ணைச் சொல்லுங்க."

"அந்த முடி இல்ல, இந்த முடி இருக்கு. இவன் ராஜாவே இல்ல. நம்ம கடைக்கு வர்ற ஆளு லா!"

மறுநாள் ஊர்வலத்தில் ரோமாபுரிச் சக்கரவர்த்தியும் சாரதாம்பாள் கழுத்தில் ஆடிக்கொண்டே போனார்.

பல வருடம் கழித்து அப்பாசாமி ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். சரட்டைக் கழற்றியபோது சாரதாம்பாள் அந்தக் காசை மட்டும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு விளையாட்டுக்குத்தானேங்க சொன்னேன்" என்றாள், போனவரிடம்.